நூல்நிலைய வரியும் ஊர்ப்புறத்து வாசகரும்

அண்ணாமலையின் கீழ்ப்புறத்தே பெருங்கோயிலும் நகரும் அமைந்திருக்க, அம்மலையின் மறுபுறத்தே, கிரிவலப் பாதையை ஒட்டி அடி அண்ணாமலை என்னும் எம் சிற்றூர் உள்ளது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் வழியை நடந்து வலம்வரும் பெருங்கூட்டம் எம் ஊரின் வழியாகவே செல்லும். அங்கே மாணிக்கவாசகர்க்கு ஒரு சிறு கோயில் உண்டு. அவர் திருவெம்பாவையைப் பாடிய இடம் அதுவே என்பது மரபு. அவர்தம் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜி. யு. போப்பையர் என்பதைத் தமிழ் பயிலும் மாணாக்கர் யாவரும் அறிவர். அப்பெயர்ப்பையும், திருவாசகத்திற்கு எழுந்த உரைகளையும் எம் கலாசாலை நூல்நிலையத்தில் ஒரே அலமாரியில் ஒருங்கே கண்ட நாளில், எமக்கு உவகையோடு சிறிது வெட்கமும் உண்டாயிற்று. பாடல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரிலே அந்நூல்களை விரும்புவார் ஒருவர் இருப்பின், அவர் எங்கே சென்று கேட்பார்?

இவ்வினா வெறுங் கற்பனை அன்று. எம் வீட்டிற்கு அடுத்த வீட்டில், பட்டம் பெற்று இரண்டாண்டுகளாக அரசாங்கத் தேர்வுக்குப் படித்துவரும் அக்கா ஒருவர் இருக்கின்றார். தேர்வுக்கு வேண்டிய நூல்களை எல்லாம் விலைகொடுத்து வாங்க அவர் குடும்பத்தால் இயலாது. ஆதலின் வாரத்தில் மூன்று நாள் பேருந்தேறி நகரத்திற்குச் சென்று படித்து வருகின்றார். சென்ற கோடை விடுமுறையில் யாம் அவரைக் கண்டு படிப்பு எப்படி நடக்கிறது என்று வினவியபோது அவர் சொன்னது இது: "தம்பி, நான் போய்ச் சேர்வதற்குள் நாற்காலிகள் நிரம்பிவிடுகின்றன. நின்றுகொண்டே குறிப்பெடுத்துவிட்டு நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். இருட்டிவிட்டால் அம்மா வாசலிலேயே நிற்பார்கள். பௌர்ணமி வந்தால் அதுவும் இல்லை, பேருந்தே கிடைக்காது." இதில் நகரத்து நூல்நிலையத்தாரைக் குறைகூற ஒன்றுமில்லை. நாற்காலிகள் நிரம்புவது வாசகர் மிகுதியால் அன்றோ? ஆயினும், ஒரு பெண் ஒரு பக்கத்தைப் படிப்பதற்குப் பேருந்துக் கட்டணமும் பாதி நாளும் செலவிட வேண்டுமாயின், அந்நூல்நிலையம் அவளுக்கு இலவசமாகத் திறந்திருக்கின்றது என்று எங்ஙனம் கூறுவது?

எம் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் (பெயர் வேண்டா) நூல்நிலையம் என்று எழுதப்பட்ட ஒரு கட்டடத்தையும் யாம் கண்டோம். பூட்டுத் துருவேறியிருந்தது. சாளரத்தின் வழியே நோக்க, உள்ளே புத்தகக் கட்டுகள் சணற்கயிறு அவிழாமலே கிடந்தன. திண்ணையிலே வேர்க்கடலை உலர்ந்துகொண்டிருந்தது. திறவுகோல் யாரிடத்தில் உள்ளது என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெரியவர் இரண்டு பேரைச் சொன்னார். அவ்விருவரும் ஒருவரை ஒருவர் காட்டினர்.

இவ்விரு காட்சிகளுக்கும் காரணம் தனி மனிதரின் சோம்பல் என்று முதலில் எண்ணினோம். ஆராயுந்தோறும், காரணம் பெரும்பாலும் பணம் வரும் வழியிலே உள்ளது என்று தெளிந்தோம். அதனைச் சிறிது விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் பொது நூல்நிலையத்தை அரசாங்கத்தின் கடமையாகச் சட்டத்தில் எழுதுவித்த பெருமை சீர்காழியில் 1892ஆம் ஆண்டில் பிறந்த சி. இரா. அரங்கநாதனாரைச் சாரும். அவர் எம்போலவே மிஷன் கலாசாலை மாணாக்கர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்றவர். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பெற்று, இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்று மீண்டார். 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்கு உரிய நூல் சென்றடைதல் வேண்டும் என்னும் கருத்துடையது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூல்நிலையம் புறப்பட்டது. அவ்வண்டியை அமைத்தவர் கனகசபைப் பிள்ளை என்பவர். நூல்நிலையத்திற்கு வர இயலாதவன் வாயிலுக்கு நூல்நிலையமே செல்லவேண்டும் என்னும் எண்ணம், ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னரே, இரண்டு எருதுகளின் துணையோடு செயலாயிற்று. எம் ஊருக்கு இன்று வரும் வண்டிகளின் எண்ணிக்கையை நினைக்குங்கால் எமக்கு அவ்வெருதுகளின்மேல் மதிப்பு மிகுகின்றது.

பின்னர், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் எழுந்த முதற்சட்டம் இதுவே. 1950ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. 1896ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கன்னிமரா நூல்நிலையம் மாநிலத்தின் மைய நூல்நிலையம் ஆயிற்று. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு ஒன்று அமைந்தது. செலவுக்கு வழி என்ன? சொத்து வரியின்மேல் ஒரு சிறு மேல்வரி. தொடக்கத்தில் அது ரூபாய்க்கு அரையணா. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. அன்றியும், சென்னை நகரம் நீங்கலாக ஏனைய ஆணைக்குழுக்களுக்கு, வசூலான மேல்வரிக்குக் குறையாத ஒரு தொகையை அரசாங்கமும் தன் கருவூலத்திலிருந்து அளித்தல் வேண்டும் என்றும் சட்டம் வகுத்தது.

இவ்வேற்பாடு அந்நாளில் மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. தலைவர் எவரேனும் மனமிரங்கி அளிக்கும் நன்கொடையை நம்பாமல், ஆண்டுதோறும் தவறாது வரும் வருவாயை அது நூல்நிலையத்திற்கு உறுதிசெய்தது. அதனை இகழ்வது எம் கருத்தன்று. ஆயின் அதன் அடியில் ஒரு கணக்கு மறைந்து கிடக்கின்றது. மாடமாளிகைகள் நிறைந்த நகரத் தெருவொன்றில் ஒரு கட்டடம் 10,000 ரூபாய் சொத்து வரி செலுத்துமாயின், அதிலிருந்து நூல்நிலையத்திற்கு 1,000 ரூபாய் வரும். சிற்றூரில் ஓட்டு வீடு ஒன்று 100 ரூபாய் செலுத்துமாயின், 10 ரூபாய் வரும். அதற்கு ஈடாக அரசாங்கம் அளிப்பதும் அந்த அளவினதே. எங்கே கட்டடம் உயர்ந்ததோ அங்கே நூலும் மிகும். எங்கே குடிசை மிகுந்ததோ அங்கே நூலும் குறையும். கல்வி வாய்ப்பு அருகிய இடத்திலேதான் நூல்நிலையம் மிகவும் வேண்டப்படுவது. வருவாயோ அவ்விடத்திலேதான் மிகவும் குறைவு.

தாலந்து உவமையை ஞாயிறுப் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர் யாம். உள்ளவர்க்கே மேலும் சேரும் என்ற அதன் முடிவு ஆன்ம காரியத்தைக் குறித்துச் சொல்லப்பட்டது. நிதி ஒதுக்கீட்டுக்குச் சொல்லப்பட்டது அன்று.

சட்டம் வகுத்த பெரியோர் இதனை அறியாதவர் அல்லர். சென்னை நகரத்திற்கு மட்டும் ஈட்டுத்தொகை வேண்டா என்று அவர்கள் விலக்கியதே அதற்குச் சான்று. வருவாய் மிகுந்த இடத்திற்கு அரசாங்கத்தின் கை குறைவாகவே வேண்டும் என்னும் நியாயத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர். அந்நியாயத்தைப் பாதிவழி நடத்தி நிறுத்திவிட்டனர் என்பதே எம் வருத்தம். சென்னைக்கு ஒரு நியதியும், பிற மாவட்டங்கள் அனைத்திற்கும் மற்றொரு நியதியும் என்று நின்றுவிட்டமையால், தொழில்வளம் மிக்க கோயமுத்தூரும், 1989ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டினின்றும் பிரிந்த எம் திருவண்ணாமலை மாவட்டமும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன.

வசூலான மேல்வரியேனும் முழுதும் வந்து சேர்கின்றதோ எனின், அதுவும் இல்லை. வரியை வசூலிப்பவை நகராட்சி முதலிய உள்ளாட்சிகள். செலவிடுவது நூலக ஆணைக்குழு. இடையிலே தொகை தங்கிவிடுகின்றது. சென்னை மாநகராட்சியிலிருந்து வரவேண்டிய நிலுவையே பல கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் பல ஆண்டுகளாக எழுதிவந்தன. நூல்நிலையத்திற்கென்று குடிமக்கள் மனமுவந்து செலுத்திய பணம் சாலைக்கும் விளக்குக்கும் போவது முறையோ? சாலையும் விளக்கும் வேண்டுவனவே. அவற்றிற்கு வேறு வரி இருக்கின்றது.

இங்ஙனம் நேர்ந்தது நம் நாட்டில் மட்டும் அன்று. இங்கிலாந்திலே பொது நூல்நிலையச் சட்டம் 1850ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆயின் அது நகரங்களையே கருதியது. வரிக்கும் மிகத் தாழ்ந்ததோர் எல்லை விதித்தது. நகரங்கள் நூல்நிலையங்களால் விளங்க, நாட்டுப்புறம் இருளிலே நின்றது. 1919ஆம் ஆண்டில் அவ்வரியெல்லையை நீக்கி, கவுண்டி என்னும் மாவட்ட மன்றங்களுக்கும் நூல்நிலையம் அமைக்கும் உரிமையை அளித்த பின்னரே சிற்றூர்களுக்குப் புத்தகப் பெட்டிகள் ஊக்கத்தோடு செல்லத் தொடங்கின. ஏறக்குறைய எழுபதாண்டு கடந்தபின் அவர்கள் தம் தவற்றைத் திருத்திக்கொண்டனர். நம் சட்டத்திற்கும் எழுபதாண்டுக்குமேல் ஆகிவிட்டது.

அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு வேண்டுமெனின் மலையாள நாட்டை நோக்கலாம். பி. என். பணிக்கர் என்பார் 1945ஆம் ஆண்டில் திருவிதாங்கூரிலே கிரந்தசாலைச் சங்கத்தை நிறுவி, ஊரார் தாமே நடத்தும் வாசகசாலைகளை ஒன்றுபடுத்தினார். பின்னர் 1989ஆம் ஆண்டில் அங்கே எழுந்த நூலகச் சட்டம் மேல்வரியை மட்டும் நம்பவில்லை. கல்விக்கென மாநில அரசாங்கம் ஒதுக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாத பங்கு நூலகங்களுக்குச் சேரவேண்டும் என்று விதித்தது. இவ்வொரு விதியின் அருமையைச் சிந்தித்துப் பாருங்கள். நூல்நிலையம் கட்டடத்தின் மதிப்பைச் சார்ந்து நில்லாமல் கல்வியைச் சார்ந்து நிற்கின்றது. கல்விக்குச் செலவு பெருகுந்தோறும் நூலுக்கும் பெருகும். பள்ளியில் எழுத்தறிந்த சிறுவன் பள்ளியைவிட்டு நீங்கிய பின்னும் படிக்க ஓர் இடம் இருக்கவேண்டுமன்றோ? இல்லையேல், எழுத்தறிவிக்கச் செலவிட்ட பணம் சில ஆண்டுகளில் மறதியாய்ப் போகும்.

ஆதலின் எம் கோரிக்கை இது. மேல்வரி இருக்கட்டும், அது வசூலான அப்பொழுதே நேரே நூலக நிதியில் சேரட்டும். அரசாங்கத்தின் பங்கை மட்டும், வசூலான வரியின் அளவுக்கு ஏற்பக் கொடாமல், மக்கட்டொகையின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கட்டும். தலைக்கு வரும் மேல்வரி எந்த மாவட்டத்தில் குறைவோ அங்கே சற்றுக் கூடுதலாகவே கொடுக்கட்டும். நூலகங்கள் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டவை என்று நம் அரசியலமைப்பே கூறுகின்றது. எனவே, வேறு எவரையும் எதிர்நோக்காமல் நம் சட்டசபையே இத்திருத்தத்தைச் செய்துகொள்ளலாம்.

சிற்றூர் நூல்நிலையங்களுக்கு ஒன்றுமே செய்யப்படவில்லை என்று கூறுவது நன்றிமறத்தல் ஆகும். 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், 12,618 ஊராட்சிகளிலும் ஊர்க்கொரு நூல்நிலையம் அமைப்பதென்று அரசாங்கம் துணிந்தது. இத்துணைப் பெரிய எண்ணத்தை நினைத்தவர்களை யாம் வணங்குகின்றோம். ஆயின் கட்டடம் எழுப்புவது ஒரு நாட் செலவு. அதனைத் திறந்துவைத்திருப்பது நாட்செலவு. இந்நூல்நிலையங்கள் நூலகத் துறையின்கீழ் வாராமல் ஊராட்சிகளின் பொறுப்பில் நின்றன. அவற்றைக் காப்பவர்க்குக் கிடைத்தது சிறியதொரு மதிப்பூதியமே. புதுநூல் வாங்க நிலையான நிதியும் இல்லை. சில ஆண்டுகளிலேயே பல பூட்டப்பட்டன. இத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் பின்னர் அறிவிக்கப்பட்டதும், பழுதுற்ற கட்டடங்களைப் புதுப்பிக்க முனைந்ததும் மகிழத்தக்கன. சுண்ணாம்பு பூசுவதற்கு மட்டுமன்றி, திறவுகோலை வைத்திருப்பவர்க்கு மாதச் சம்பளம் கொடுப்பதற்கும் பணம் ஒதுக்கப்பட்டால், மேலே யாம் கூறிய வேர்க்கடலை வேறு திண்ணையைத் தேடிக்கொள்ளும்.

பெருநகரங்களில் எழுந்துள்ள பெரிய நூல்நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அண்ணா நூற்றாண்டு நூல்நிலையம் திறக்கப்பட்டது. மதுரையில் 2023ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் கலைஞர் நூற்றாண்டு நூல்நிலையம் திறக்கப்பட்டது. இவை தமிழர்க்கு அணிகலன்கள். முன்னதனை 2011ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கம் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற எண்ணியபோது, அறிஞரும் மாணாக்கரும் கிளர்ந்தெழுந்தனர், வழக்குகள் தொடுக்கப்பட்டன, சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நூல்நிலையம் பிழைத்தது. அந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழும். ஒன்பது மாடி நூல்நிலையத்திற்கு ஆபத்து நேர்ந்தால் நீதிமன்றம் செல்வதற்கு ஆள் உண்டு. ஓர் அறையுள்ள சிற்றூர் நூல்நிலையம் பூட்டப்பட்டால் யார் மனுச் செய்வார்? அங்கே தடையாணையும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. ஒருநாட் காலையில் அது திறவாது, மறுநாளும் திறவாது, பின்னர் ஊரார் மறந்துபோவர்.

"கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் நூல்நிலையம் எதற்கு?" என்று எம் நண்பர் சிலர் கேட்கின்றனர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இலவசமாக அளிக்கின்றன. யாமே அவற்றால் பெரிதும் பயன்பெற்றவர். ஆயின் எம் ஊரில் ஒரு வீட்டிற்குக் கைப்பேசி ஒன்று என்றால், அது தந்தையாரின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வேலைக்குச் சென்றால் அதுவும் செல்லும். வீட்டிலே நால்வர் படுக்கும் ஓர் அறையில், தொலைக்காட்சி ஓசைக்கு இடையே, உள்ளங்கை அளவான திரையில் இலக்கண உரையைப் படித்துத் தேர்வெழுதலாம் என்பவர் ஒரு வாரம் அதனைச் செய்து காட்டட்டும். நூல்நிலையம் தருவது நூல் மட்டும் அன்று. ஒரு மேசை, ஒரு விளக்கு, சற்று அமைதி. வறியவர் வீட்டில் விலைகொடுத்தும் வாங்கமுடியாதது அவ்வமைதியே.

இனி, கதவு திறந்திருந்தாலும் எல்லாரும் நுழைய முடிகின்றதா என்பது வேறொரு வினா. நூல்நிலையம் ஊரின் எந்தத் தெருவில் நிற்கின்றது என்பதைக் கொண்டே அதில் யார் நுழைவர் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சட்டத்தின் கண்ணில் தீண்டாமை ஒழிந்தது. ஆயினும், எந்தத் திண்ணையில் யார் கூச்சமின்றி அமர்வது என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை. நூல்நிலையம் ஊரின் நடுவே அமையட்டும், அல்லது பள்ளிக்கூடத்தை ஒட்டி அமையட்டும். பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. செய்தித்தாள் படிக்க ஆடவர் கூடும் அறையில் ஒரு பெண் தனியே சென்று அமர்வதற்கு இன்றும் துணிவு வேண்டும். காலையிலே மகளிர்க்கென இரண்டு மணிநேரம் ஒதுக்கினாலும் போதும், தாய்மாரும் வருவர். உறுப்பினர் ஆவதற்குரிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சிறியனவே ஆயினும், கூலி வேலை செய்வார்க்கு மூன்று பிள்ளைகள் இருந்தால் அதுவும் கணக்கிலே வரும். மாணாக்கர்க்கேனும் அதனை நீக்கிவிடலாம். அதனால் அரசாங்கம் இழப்பது மிகச் சிறிது.

அரசாங்கத்திற்கு இத்துணை அறிவுரை கூறிவிட்டு எம் வீட்டைப் பாராமல் இருப்பது நேர்மை ஆகாது. எம் கலாசாலை நூல்நிலையம் மிகச் சிறந்தது. முன்னோர் பலர் தம் நூற்றொகைகளை இதற்கு உவந்தளித்தனர். ஆயின் வாயிலில் நிற்கும் காவலர் அடையாள அட்டை இல்லாதவர் எவரையும் உள்ளே விடார். அது அவர் கடமை. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் நாற்காலிகள் வெறுமனே கிடக்கின்றன. சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும், இவ்வூரில் தேர்வுக்குப் படிக்கும் வெளியார்க்கு, நூலை வீட்டிற்கு எடுத்துச்செல்லும் உரிமை இன்றியேனும், உள்ளே அமர்ந்து படிக்கும் உரிமையை நம் பேராசிரியப் பெருமக்கள் அளிக்கலாகாதா? அங்ஙனம் அளிக்கப்பெறின், முறைவைத்து நூல்களை எடுத்துக்கொடுக்கவும் அடுக்கவும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் சிலர் முன்வரக் காத்திருக்கின்றோம். இப்பத்திரிகையைப் படிக்கும் பழைய மாணவர்களுள் உள்ளாட்சியிலும் அரசாங்கத்திலும் பதவி வகிப்போர் பலர் உளர் என்று கேள்விப்படுகின்றோம். அவர்கள் தத்தம் ஊரில் வசூலான நூல்நிலைய மேல்வரி எவ்வளவு, நூலக நிதியில் சேர்ந்தது எவ்வளவு என்று ஒரு முறை கேட்டு, விடையை அடுத்த ஆண்டு மலருக்கு எழுதி அனுப்புவார்களாயின் அது பெரும் உபகாரமாக இருக்கும்.

அடுத்த வீட்டு அக்கா கேட்ட நன்னூல் உரையை எம் அட்டையின்பேரில் எடுத்துச்சென்று கொடுத்துள்ளோம். பிறர்க்குக் கொடுத்தல் விதிக்கு மாறானது என்பதை அறிவோம், நூலகர் பொறுத்தருள்க. வருகின்ற புதன்கிழமை திருப்பவேண்டும். அவர் பாதிதான் படித்திருக்கின்றார்.